பொருள் பெருகினால் முறை மாறும்

பொருள் என்னும் சொல் கருத்தையும் குறிக்கும், செல்வத்தையும் குறிக்கும். ஆதலின், தமிழாசிரியர் ஒருவர் பங்கு முதலீட்டைப் பற்றி எழுதப் புகுதல் நெறி தவறியதாகாது என நம்புகின்றோம். கல்லூரியை விட்டு நீங்கிப் புதிதாகச் சம்பளம் பெறத் தொடங்கும் இளைஞர் சிலர், உலகப் பெருஞ்செல்வர் எப்பங்கை வாங்கினாரோ அப்பங்கையே தாமும் வாங்க விழைகின்றனர். அது தக்கதுதானா என்பதை அமெரிக்கரான வொரன் பஃபெற் என்பாரின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பஃபெற் 1930ஆம் ஆண்டில் ஒமாகா நகரிற் பிறந்தார். பதினோராம் வயதிலேயே பங்கு வாங்கியவர். 1951இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் படிப்பை முடித்தார். அங்கு அவருக்கு ஆசானாக வாய்த்தவர் பெஞ்சமின் கிரேயம். விலை வேறு, மதிப்பு வேறு. மதிப்பினும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதையே வாங்குக. கணக்கிற் பிழை நேரினும் அவ்விடைவெளி காக்கும் என்பது அவ்வாசானின் போதனை.

1956இல் பஃபெற் கூட்டு முதலீட்டுத் தொழிலொன்றைத் தொடங்கினார். அதன் முதல் 1,05,100 டொலர். அதில் அவர் இட்டது 100 டொலர் மட்டுமே. அக்காலத்தில் அவர் தேடியவற்றை அவரே வீதியில் எறியப்பட்ட சுருட்டுத் துண்டுக்கு ஒப்பிட்டார். எம்மூரவர் அதனைக் குறைச்சுருட்டு என்பர். அதில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு இழுப்பு; ஆயினும் அது விலையின்றிக் கிடைக்கின்றது. சான்போன் என்னும் கம்பனி தீக்காப்புறுதிக்கு வேண்டிய நகரப் படங்களை வரைந்து விற்றது. அதன் தொழில் நலிந்திருந்தது. எனினும் 1958இல், ஒரு பங்குக்கு 65 டொலர் வீதம் பெறுமதியான வேறு முதலீடுகள் அதன் கையிலிருந்தன. பங்கின் சந்தை விலையோ 45 டொலர். பஃபெற் தம் கூட்டுநிதியின் மூன்றிலொரு பங்குக்கு மேல் அதிலிட்டு, இயக்குநர் சபையிலும் அமர்ந்து, 1960இல் அம்முதலீடுகள் பங்காளருக்குப் பிரித்து வழங்கப்படச் செய்தார்.

இம்முறை நெடுங்காலம் நிலைக்கவில்லை. அதன் காரணத்தைச் சிறு கணக்கொன்று காட்டும். ஓர் இலட்சம் டொலர் உடையவர் 20,000 டொலரை ஒரு சிறு கம்பனியிலிட்டு, அது இருமடங்கானால், அவர் செல்வம் ஐந்திலொரு பங்கு உயரும். முப்பதினாயிரங் கோடி டொலரை ஆள்பவர் இரண்டு கோடி பெறும் கம்பனி ஒன்றை முழுவதுமாக வாங்கி, அதுவும் இருமடங்காயினும், அவர் செல்வம் பதினையாயிரத்தில் ஒரு பங்கே உயரும். மேலும், சிறு கம்பனியின் பங்குகளைப் பெருந்தொகைக்கு வாங்கப் புகுந்தால், அவர் வாங்குதலே விலையை ஏற்றிவிடும். விற்கப் புகுந்தால் அவ்விற்பனையே விலையை வீழ்த்திவிடும்.

இதனை அவர் காலத்தே உணர்ந்தார். 1966இன் தொடக்கத்திற் புதிய கூட்டாளிகளைச் சேர்ப்பதில்லை எனத் தீர்மானித்தார். 1969இற் கூட்டைக் கலைக்கப் போவதாக அறிவித்தார். இதற்கிடையே, மலிவென்று கருதி 1965இற் கைக்கொண்ட பேர்க்சயர் ஹாத்தவே என்னும் நெசவாலைக் கம்பனி அவருக்கு வேறொரு பாடம் புகட்டிற்று. நலிந்த தொழிலில் இட்ட முதல் மேலும் முதலையே வேண்டி நின்றது. 1985இல் ஆலைகள் மூடப்பட்டன. கம்பனியின் பெயர் மட்டும் அவருடைய ஏனைய முதலீடுகளுக்கெல்லாம் தாயகமாய் நிலைத்தது.

சிறந்த தொழிலை நியாயமான விலைக்கு வாங்குதலே மேல் என இடித்துரைத்தவர் அவர் நண்பர் சாள்ஸ் மங்கர். 1972இல், 80 இலட்சம் டொலர் முதலுடன் நடந்த சீஸ் என்னும் இனிப்புப்பண்டக் கம்பனி 250 இலட்சத்துக்கு வாங்கப்பட்டது. கிரேயத்தின் கணக்கில் இது மலிவன்று. ஆயினும் 2007 வரையில் வரிக்கு முன் அது ஈட்டியது 135 கோடி டொலர். மேலதிகமாக வேண்டிய முதல் 3.2 கோடியே. குறைச்சுருட்டு ஓர் இழுப்போடு முடியும். நல்ல தொழிலோ ஆண்டுதோறும் காய்க்கும் பனை.

செல்வம் மேலும் பெருக, கொள்வனவுகளும் பெருத்தன. 1988 முதல் கொக்கா கோலாவில் ஏறக்குறைய 130 கோடி டொலர் இட்டார். 2010இற் பெரியதொரு புகையிரதக் கம்பனியை முழுமையாகவே வாங்கினார். 2016 முதல் அப்பிள் கம்பனியிற் பெரும் பங்கு கொண்டார். யப்பானின் ஐந்து பெரும் வணிக நிறுவனங்களிலும் முதலிட்டமை 2020இல் வெளியாயிற்று. 2025ஆம் ஆண்டு முடிவில் தலைமை நிருவாகப் பொறுப்பினின்றும் விலகினார்.

இவற்றை வளர்ச்சி என்று மட்டும் கொள்வது குறைபாடான நோக்காகும். 1957 முதல் 1969 வரை அவருடைய கூட்டு ஆண்டொன்றுக்குச் சராசரி நூற்றுக்கு 29.5 வீதம் ஈட்டியது. 1965 முதல் 2024 வரை பேர்க்சயர் பங்கின் விலை உயர்ந்தது ஆண்டுக்கு ஏறக்குறைய 20 வீதமே. சிறு தொகை கையிலிருப்பதே பெரும் வாய்ப்பு என்றும், பத்து இலட்சம் டொலர் மட்டும் இருப்பின் ஆண்டுக்கு 50 வீதம் ஈட்டுதல் இயலும் என்றும் அவரே 1999இற் கூறினார். 2004 அளவில், தம் சொந்தப் பணத்தைக் கொண்டு கொரிய நாட்டின் மலிவான பங்குகள் பலவற்றை வாங்கி, இளமைக்கால முறைக்கே மீண்டுங் காட்டினார். எனவே, பழைய முறை பொய்த்துவிடவில்லை. பெரும்பைக்கு அது பொருந்தவில்லை என்பதே உண்மை.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது முதுமொழி. மாறியது முறை, மாறாதது விலையையும் மதிப்பையும் வேறுபடுத்திக் காணும் பயிற்சி. பஃபெற் முதுமையில் வாங்கியதைப் பார்த்து வாங்கும் இளைஞர், அவருடைய கட்டாயத்தைப் பின்பற்றுகின்றாரேயன்றி அவருடைய அறிவைப் பின்பற்றுகின்றாரல்லர். இளமையில் அவர் கம்பனி விவரத் தொகுதிகளைப் பக்கம் பக்கமாகப் படித்தார், பின்பற்றத்தக்கது அவ்வுழைப்பே. அதற்கு ஓய்வில்லாதார்க்கு, பெருங்கம்பனிகள் பலவற்றையும் ஒருங்கே தழுவும், செலவு குறைந்த நிதியமே ஏற்றதென அவரே பலமுறை கூறியுள்ளார். சிறு சேமிப்புடைய எம் மாணவர் தம் தொகையின் சிறுமையை எண்ணி நாணவேண்டியதில்லை. தம் நிலைக்கேற்ற முறையை அறிந்து, கடன்படாது, பொறுமையோடு தொடங்குவாராக.