நிறுவாமலே இயங்கும் மென்பொருள்கள்

ஆராய்ச்சி மாணவர் ஒருவர், பல பருவங்கள் மலைகளில் அலைந்து எடுத்த தாவரப் புகைப்படங்கள் அனைத்தையும் தவறுதலாகக் கணிப்பொறியிலிருந்து அழித்துவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். கழிவுத் தொட்டியும் காலியாகிவிட்டது. வேறு பிரதி இல்லை. பதற்றத்தில் அவர் செய்யக்கூடியது பெரும்பாலும் ஒன்றே: அழிந்த கோப்புகளை மீட்டுத் தரும் இலவச மென்பொருள் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி, அதே கணிப்பொறியில் நிறுவுகிறார். அவருடைய படங்களை மீட்க முடியாதவாறு செய்வதற்கு இதைவிட எளிய வழி வேறில்லை.

இதன் காரணத்தை அறிய, ஹார்ட் டிஸ்கில் ஒரு கோப்பு அழிக்கப்படும்போது நிகழ்வது யாது என்பதை நோக்க வேண்டும். காந்தத் தட்டில் பதிந்த விவரங்கள் அந்தக் கணமே துடைக்கப்படுவதில்லை. அக்கோப்பு இருந்த இடம் இனிக் காலியிடம் என்ற குறிப்பு மட்டும் அட்டவணையில் இடப்படுகிறது. வேறொரு கோப்பு அந்த இடத்தில் எழுதப்படும் வரை பழைய விவரங்கள் அங்கேயே கிடக்கும். மென்பொருளை நிறுவுவதென்றாலோ, பெரியதும் சிறியதுமாகப் பல கோப்புகளை டிஸ்கின் காலியிடங்களில் எழுதுவதாகும். அவற்றுள் எது எந்தப் புகைப்படத்தின் மீது சென்று விழும் என்று எவராலும் கூற இயலாது. இறக்குவதே கூட எழுதுவதுதான். ஆகவே மீட்கும் கருவி வெளியிலிருந்து வர வேண்டும். வேறொரு கணிப்பொறியில் இறக்கப்பட்டு, ஒரு பென் டிரைவில் அமர்ந்து, அங்கிருந்தே இயங்க வேண்டும். மீட்ட கோப்புகளும் அழிந்த டிஸ்கில் அல்லாமல் வேறிடத்திலேயே சேமிக்கப்பட வேண்டும்.

இவ்வாறு நிறுவப்படாமலே இயங்கும் மென்பொருள்களைப் ‘போர்ட்டபிள்’ மென்பொருள்கள் என்பர். பிறருடைய கணிப்பொறியில் நமக்குப் பழகிய கருவிகளை உபயோகிக்கலாம் என்ற சௌகரியத்திற்காகவே பலர் இவற்றை நாடுகின்றனர். அது உண்மையே. ஆயினும் நோயுற்ற கணிப்பொறியைத் தொடாமல் சிகிச்சை செய்ய வேண்டிய வேளையில்தான் இவற்றின் அருமை முழுவதும் விளங்கும்.

ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லா மென்பொருள்களும் போர்ட்டபிள் மென்பொருள்களாகவே இருந்தன. டாஸ் நாட்களில் சிறு கருவி ஒன்றை ஃபிளாப்பித் தட்டிலிருந்து இயக்கலாம். வேறிடத்திற்கு எடுத்துச் செல்ல அதன் கோப்புகளைப் பிரதி செய்தாலே போதும். 1992-இல் விண்டோஸ் 3.1 உடன் சிறிய அளவில் தோன்றிய ‘ரெஜிஸ்ட்ரி’ என்னும் பொதுப் பதிவேடு, 1995-இல் விண்டோஸ் 95 வந்ததும் மென்பொருள்களின் அமைப்பு விவரங்களுக்கெல்லாம் உறைவிடமாயிற்று. பல மென்பொருள்கள் பகிர்ந்து கொள்ளும் பொது நிரல் தொகுப்புகள் விண்டோஸின் சொந்தக் கோப்புறையில் வைக்கப்பட்டன. பின்னர் ஒவ்வொரு பயனாளரின் விருப்பங்களும் அவருக்கென ஒதுக்கப்பட்ட கோப்புறையில் சேர்ந்தன. இவற்றிற்கெல்லாம் நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் விளைவு என்னவெனில், மென்பொருளின் உடைமைகள் வீடெங்கும் சிதறிக் கிடந்தன. ஒரு கோப்புறையை மட்டும் பெயர்த்தெடுத்துச் சென்றால் அது வேறிடத்தில் இயங்க மறுத்தது. போர்ட்டபிள் மென்பொருளோ, அரிசி பருப்பும் சமையல் பாத்திரமும் மூட்டையாகக் கட்டிக் கொண்டு புறப்படும் யாத்திரிகரைப் போன்றது. தங்கும் சத்திரத்தில் அது கேட்பது இடம் மட்டுமே.

2000-ஆம் ஆண்டில் பென் டிரைவ்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் கொள்ளளவு அப்போது 8 மெகாபைட்டே. கொள்ளளவு பெருகிய பின், 2004-இல் ஜான் ஹாலர் என்னும் அமெரிக்கர் ஃபயர்பாக்ஸ் உலாவியைப் பென் டிரைவிலிருந்து இயங்குமாறு அமைத்து வெளியிட்டார். அம்முயற்சியே ‘போர்ட்டபிள்ஆப்ஸ்’ என்ற பெருந் தொகுப்பாக வளர்ந்தது. இதில் கையாளப்பட்ட உபாயம் சுவையானது. மூல மென்பொருளுக்கு முன்னால் ஒரு சிறிய துவக்கி நிரல் நிறுத்தப்படுகிறது. அது பென் டிரைவிலுள்ள அமைப்பு விவரங்களை, மென்பொருள் எதிர்பார்க்கும் இடத்தில் கொண்டு வைக்கிறது. வேலை முடிந்ததும் அவற்றைத் திரட்டி மீண்டும் பென் டிரைவிலேயே சேர்த்துவிடுகிறது. பென் டிரைவுக்கு ஒரு கணிப்பொறி ‘ஈ’ என்றும் மற்றொன்று ‘ஜி’ என்றும் எழுத்துப் பெயர் இடுமாதலால், கோப்புகளின் முகவரியை ஒவ்வொரு முறையும் திருத்துவதும் துவக்கியின் கடமையே. 2005-இல் ‘யூ3’ என்ற பெயரில் தனி வகைப் பென் டிரைவ்களை இதற்கெனவே சந்தைக்குக் கொண்டு வந்தனர். குறிப்பிட்ட சாதனத்தோடு பிணைக்கப்பட்ட அந்த ஏற்பாடு சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. எந்தப் பென் டிரைவிலும் இயங்கும் எளிய முறையே நிலைத்தது.

விலையில்லாத மென்பொருள்கள் யாவும் ஒரே இனத்தவை அல்ல என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிப்பிட்டுக் குழம்பும் இடத்தில், தமிழில் ‘இலவசம்’ என்றும் ‘கட்டற்றது’ என்றும் இரு சொற்கள் உள்ளன. 7-ஜிப், நோட்பேட்++, கீபாஸ், வி.எல்.சி. ஆகியவற்றின் மூல நிரல் திறந்திருக்கிறது. உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு எவரும் அவற்றை மாற்றியமைத்துப் பிறருக்கு வழங்கலாம். போர்ட்டபிள் வடிவங்கள் பெருகியதற்கு இச்சுதந்திரம் பெருந்துணை புரிந்தது. இலவசமாக மட்டும் வழங்கப்படுபவற்றை அவ்வாறு மாற்றி வழங்க, உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

‘சுவடே விடாது இயங்கும்’ என்று இவற்றைச் சிலர் புகழ்வதை அப்படியே நம்புதல் கூடாது. தொலைவிலுள்ள கணிப்பொறியோடு தொடர்பு கொள்ள உதவும் ‘புட்டி’ ஒரே கோப்பாலான, நிறுவத் தேவையற்ற கருவி. எனினும் தான் தொடர்பு கொண்ட கணிப்பொறிகளின் அடையாளங்களை, அது இயங்கிய இடத்தின் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கிறது. மைக்ரோசாஃப்ட் வழங்கும் ‘சிஸ்இன்டர்னல்ஸ்’ கருவிகளும், உரிமத்திற்கு நாம் உடன்பட்டதை அங்கே குறித்துச் செல்கின்றன. நிறுவாமை வேறு, சுவடின்மை வேறு.

எல்லா மென்பொருள்களையும் இவ்வாறு ஆக்கவும் முடியாது. சாதனங்களை இயக்கும் டிரைவர்களும், இடையறாது காவல் புரியும் வைரஸ் தடுப்பிகளும் இயங்குதளத்தின் உள்ளே வேரூன்ற வேண்டியவை. அலுவலகக் கணிப்பொறிகளில் வெளி மென்பொருள்கள் இயங்காதவாறு நிர்வாகிகள் தடை செய்திருப்பதும் உண்டு. அத்தடையை மீற வழி தேடுவதைவிட நிர்வாகியிடம் அனுமதி கேட்பதே முறை.

இனி, ஆபத்துகள். பென் டிரைவ் ஒரு கணிப்பொறியின் நோயை மற்றொன்றுக்குக் கொண்டு செல்லக்கூடியது. 2008-இல் தோன்றிய ‘கான்ஃபிக்கர்’ இவ்வழியாகவும் உலகெங்கும் பரவிற்று. பென் டிரைவைச் செருகியதும் நிரல்கள் தாமே இயங்கும் வசதியை, பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் 2011-இல் மைக்ரோசாஃப்ட் முடக்கியது. போலிகள் மற்றோர் ஆபத்து. நஞ்சு கலந்த ‘புட்டி’ ஒன்று உலவியது 2015-இல் வெளிப்பட்டது. ஆதலால் ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, அங்கு வெளியிடப்பட்டுள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுதல் நலம். ‘ஷா-256’ என்னும் முறையில் அது 64 குறிகளாலானது; கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறாகத் தோன்றும். இதுவும் பூரணக் காப்பு அன்று. 2017-இல் ‘சிகிளீனர்’ என்ற புகழ்பெற்ற துப்புரவுக் கருவியின் ஒரு பதிப்பு, வெளியீட்டாளரின் தளத்திலேயே, செல்லத்தக்க மின் கையொப்பத்துடனேயே, தீய நிரல் கலந்து வெளிவந்தது.

பென் டிரைவில் கிடக்கும் கருவி மூப்படைவதைப் பலர் கவனிப்பதில்லை. 7-ஜிப்பில் இருந்த பாதுகாப்புக் குறை ஒன்று 2024 நவம்பரில் வெளியான 24.09 பதிப்பில் நீக்கப்பட்டது. ஆனால் 7-ஜிப் தன்னைத் தானே புதுப்பித்துக் கொள்வதில்லை. அதற்கு முந்தைய பிரதியைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர் அந்தக் குறையையும் சேர்த்தே சுமக்கிறார்.

நமது மாணவரிடம் திரும்புவோம். அவருக்கு ஏற்றது, பிரான்ஸ் நாட்டவரான கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ‘ஃபோட்டோரெக்’ என்னும் கட்டற்ற மென்பொருள். நிறுவத் தேவையில்லை, ஆனால் டிஸ்கை நேரடியாகப் படிப்பதால் நிர்வாகி அனுமதியை அது கோரும். இயன்றால் டிஸ்கையே கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் படிப்பது இன்னும் நன்று. காந்தத் தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. இருந்தால் நம்பிக்கை குறைவு: அழித்த இடங்களை அச்சாதனம் பெரும்பாலும் தானாகவே துடைத்துவிடுகிறது.

ஃபோட்டோரெக் அட்டவணையை நம்புவதில்லை. டிஸ்கை வரிசையாகப் படித்துக் கொண்டு சென்று, கோப்புகளின் தலைப்பு அடையாளங்களைத் தேடுகிறது. ஜேபெக் புகைப்படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்ற மூன்று எண்களுடன் தொடங்கும். அவற்றைக் கண்டதும் அங்கிருந்து படத்தைத் திரட்டுகிறது. பல துண்டுகளாகச் சிதறிய கோப்புகள் குறையுடன் வரலாம். மாணவர் இட்ட பெயர்களும் கோப்புறை வரிசையும் திரும்ப மாட்டா. ஒவ்வொரு படத்திற்கும் ஓர் எண்ணே பெயராக அமையும். ஆனால் எடுக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் காமிரா படத்தினுள்ளேயே பதித்திருக்குமாதலால், அதனைத் தமது வயல் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, எந்தச் செடி எந்த மலையில் கண்டது என்று அவர் மீண்டும் ஒவ்வொன்றாகப் பெயரிடலாம்.