மேற்கோள் எண்ணும் ஆராய்ச்சிப் பெருமையும்

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பிறர் தம் கட்டுரைகளிற் சான்றாகக் குறித்த தொகையே மேற்கோள் எண் எனப்படும். அது பெருமைக்கு அளவுகோலாகுமா?

1953இல் உவாற்சனும் கிரிக்கும் டீ.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்ட கட்டுரை உயிரியலின் போக்கையே மாற்றிற்று. ஆயினும், 2014இல் கணக்கிட்டபோது, மிகுதியாக மேற்கோளான நூறு கட்டுரைகளுள் அஃது இடம்பெறவில்லை. டீ.என்.ஏ. அலகுகளின் வரிசையை அறியும் முறையைச் சாங்கர் தம் துணைவரோடு 1977இல் விளக்கிய கட்டுரையோ நான்காம் இடம் பெற்றது.

காரணம் யாது? சாங்கர் தந்தது ஒரு செய்முறை. அதனைக் கையாண்டோர் யாவரும் அவரைக் குறித்தனர். இரட்டைச் சுருளோ பாடநூற் செய்தியாயிற்று. மூலத்தைக் குறிப்பார் அருகினர்.

ஆகவே, அவ்வெண் பயன்பாட்டைக் காட்டும். பெருமையை முற்றும் அளவாது. ஆராய்ச்சி புகும் மாணவர் எண்ணை நாடாது உண்மையை நாடுவாராக.