வாயுதான் என்று சொல்லிப் பொழுதைக் கடத்தாதீர்கள்

நள்ளிரவில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தால், நம் வீடுகளில் முதலில் கை போவது அஞ்சறைப்பெட்டிக்குத்தான். ஓமத்தண்ணீர் கொதிக்கும். யாராவது சோடா வாங்க ஓடுவார்கள். ‘வாயுதான், விடிஞ்சதும் பார்த்துக்கலாம்’ என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். மாரடைப்பில் உயிரைக் குடிப்பது பல நேரங்களில் இந்தத் தீர்ப்புதான்.

வாயுவா, மாரடைப்பா?

நெஞ்சை அழுத்துவதுபோன்ற வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, சட்டை நனையும் அளவுக்குக் குளிர்ந்த வியர்வை: இவற்றில் எது வந்தாலும் ஈசிஜி எடுத்தாக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். மூச்சிரைப்பும் திடீர்ச் சோர்வும் மட்டும் இருக்கும். ஈசிஜி எடுத்த பிறகு வாயு என்று தெரிந்தால் நல்லதுதானே, யாருக்கு என்ன நஷ்டம்? நோயாளியை பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

வாய் கோணினால்

சிரிக்கச் சொன்னால் வாய் ஒருபக்கம் இழுக்கிறது, தூக்கிய கை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காபி, தண்ணீர் எதுவும் புகட்ட வேண்டாம், புரையேறிவிடும். பத்து நிமிடத்தில் தானே சரியானாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

‘சும்மா மிரட்டுறான்’

செத்துப்போகிறேன் என்று சொல்பவர் செய்யமாட்டார் என்பது கலப்படமில்லாத பொய். நெருங்கியவர்களிடம் விடைபெறுவதுபோலப் பேசுவது, ஆசையாக வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிடுவது, நாள்கணக்கில் தூங்காமல் காதில் குரல் கேட்பதாகச் சொல்வது எல்லாமே அவசரம்தான். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். டெலிமானஸ் மனநல உதவிக்கு 14416 இலவச எண், இரவிலும் பேசலாம்.

போலீஸ் கேஸ் பயம்

விஷம் குடித்தவரை வீட்டிலேயே மறைத்து வைப்பவர்கள் உண்டு. எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் நாள் தெளிவாகப் பேசுவார், கல்லீரல் கெடுவது பிறகுதான் தெரியும். அதனால் ‘நல்லாத்தான் இருக்கான்’ என்பதை நம்பவே கூடாது. உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் ஆபத்து. வழக்கு வருமோ என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று: 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. தயங்காமல் அழைத்துப் போங்கள்.