தேவைக்கு ஒரு படி முன்பாக

பார்க்கின்சன் நோய் எவரையும் ஒரே நாளில் முடக்கிவிடுவதில்லை. 1817-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்நோயில், மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் படிப்படியாகக் குறைகின்றன. சட்டைப் பொத்தான் போட நேரம் கூடுகிறது, கையெழுத்து சிறுக்கிறது, நடை தளர்கிறது. மருந்துகள் பல ஆண்டுகள் துணை நின்றாலும் நோய் மெல்ல முன்னேறவே செய்யும். ஆகவே, துணைக்கருவிகளையும் காலத்திற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் குடும்பங்களில் கைத்தடியை இயலாமையின் முத்திரையாகக் கருதும் வழக்கம் உண்டு. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று தள்ளிப்போட்டு, கீழே விழுந்து எலும்பு முறிந்த பின்னரே கருவியைத் தேடுவோர் பலர். வலியும் அச்சமும் மிகுந்த அவ்வேளையில் புதியதொன்றைப் பழகுவது கடினம். உடல் ஒத்துழைக்கும்போதே பழகிக்கொண்டால் கருவி எளிதில் கைவந்துவிடும்.

எதை, எப்போது?

முதல் மாற்றம் குளியலறையில் தொடங்கட்டும். சுவரில் உறுதியான கைப்பிடி, வழுக்காத தரைவிரிப்பு, உயரமான கழிப்பிட இருக்கை ஆகியவை பெருஞ்செலவின்றி அமைபவை. கைத்தடியின் பிடி, நிமிர்ந்து நிற்கும்போது மணிக்கட்டின் உயரத்தில் இருத்தல் வேண்டும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைக்கும் வாக்கர் இந்நோயாளிகள் பலருக்கு நடையின் ஒழுங்கைக் கலைத்துவிடும். பிரேக் உள்ள சக்கர வாக்கரே அவர்களுக்கு ஏற்றது. வாசற்படியில் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவதும் உண்டு. தரையில் குறுக்காக ஒட்டிய வண்ணப் பட்டைகளைத் தாண்டுவதாக எண்ணி அடியெடுத்து வைத்தால் பலருக்கு நடை மீள்கிறது. எதை வாங்குவதற்கு முன்பும் இயன்முறை மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது நன்று.

சக்கர நாற்காலி வந்துவிட்டால் நடப்பதை நிறுத்திவிட வேண்டும் என்பதில்லை. வீட்டுக்குள் நடப்பவர், இரயில் நிலையத்திலும் கோயில் பிராகாரத்திலும் மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

கையொப்பமும் மாறும்

எழுத்து சிறுத்தால் காசோலையிலுள்ள கையொப்பம் வங்கியின் பதிவோடு பொருந்தாமல் போகலாம். காசோலை திரும்பி வரும்வரை காத்திராமல், கிளையை அணுகிப் புதிய மாதிரிக் கையொப்பத்தைப் பதிவு செய்யுங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்ப்பது குறித்தும் சிந்திக்கலாம். நோயின் கடுமையால் கையொப்பமிட இயலாதவர், வங்கி அலுவலர் ஒருவர் உள்ளிட்ட இரு சாட்சிகள் அடையாளம் காட்ட, பெருவிரல் அல்லது கால்விரல் பதிவைக் கொண்டு பணம் பெற வழியுண்டு. எழுபது வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே அடிப்படைச் சேவைகளை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளை அறிவுறுத்தியது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளுள் பார்க்கின்சன் நோயும் ஒன்று. மருத்துவச் சான்றுக்கும் அடையாள அட்டைக்கும் காலம் தாழ்த்தாது விண்ணப்பியுங்கள்.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை, நோயாளியையும் அருகில் அமர்த்திக்கொண்டு, எந்த வேலை கடினமாகியிருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். அடுத்து வாங்க வேண்டிய கருவி எது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.