உங்களுக்குத் தெரியுமா? உப்புக் காற்றில் பழைய லோடு வண்டி

கோடியக்கரையில் மீன் ஏற்றுகிற வண்டிக்கும், அகஸ்தியன்பள்ளியில் உப்பு மூட்டை ஏற்றுகிற வண்டிக்கும் எதிரி ஒன்றுதான். என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சேஸிஸ் துருப்பிடித்து உதிர்ந்து, வண்டி காயலான் கடைக்குப் போய்விடுகிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் தன் கையாலேயே தடுத்துவிடக்கூடிய இழப்பு இது. அதற்கான துணுக்குகள் இதோ:

● 'குட்டி யானை' என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தது 2005-ல். அதன் முதல் டீசல் என்ஜின் 702 சி.சி., இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். இண்டிகா காரின் 1,405 சி.சி. நான்கு சிலிண்டர் என்ஜினைச் சரிபாதியாக்கிப் பிறந்தது அது. டர்போகூடக் கிடையாது. இந்த எளிமைதான் பழைய ஏஸ்களை இன்னும் ஊர் மெக்கானிக் கையில் உயிரோடு வைத்திருக்கிறது.

● மழையே இல்லாத மாதத்திலும் வண்டி துருப்பிடிப்பது ஏன்? காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு, காற்றில் உள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலோரத்தில் பல இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். பகலில் வெள்ளைப் பொடியாக ஒட்டியிருந்தது இரவில் உப்புநீராகி இரும்பைத் தின்னும். வெயில் ஏறியதும் மறுபடி பொடியாகும். நிறுத்தி வைத்த வண்டியும் துருப்பிடிப்பது இப்படித்தான்.

● உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீர் இன்னும் மோசம். அதில் உள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். அளத்துப் பாதையில் ஓடிய வண்டி நடுப்பகல் வெயிலில் நின்றாலும் அடிப்பாகம் பிசுபிசுவென்று இருப்பதற்கு அதுதான் காரணம்.

● கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஐஸ் பெட்டியிலிருந்து வழியும் நீரில் மீனோடு வந்த கடல்நீரும் சேர்ந்திருக்கும். பின்கதவுக் கீலின் அடியில் குனிந்து பாருங்கள்: நீர் சொட்டும் இடத்தில் பெயின்ட் முதலில் கொப்பளிக்கும், பிறகு பழுப்புக் கோடு ஒன்று சேஸிஸ் வரை இறங்கும். அந்தக் கோடு போகிற வழியெல்லாம் ஆபத்து.

● வண்டி கழுவுகிற தண்ணீரே உப்பாக இருந்தால் கழுவியும் பயனில்லை. இந்தக் கரையில் மணல்மேட்டு ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும். கொஞ்சம் தள்ளிப் போர் போட்டால் உப்பு வரும். வாய்க்கு உவர்ப்பாகத் தெரிகிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றாதீர்கள். மேலே பளபளப்பாகத் துடைப்பதைவிட, அடியில் சக்கர வளைவு, சேஸிஸ் உள்பக்கம், ஸ்பிரிங் பட்டை கோக்கும் இடம் ஆகியவற்றில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சுவதே முக்கியம்.

● சேஸிஸிலும் கதவின் அடியிலும் சிறு துளைகள் இருப்பது தண்ணீர் வடிவதற்காக. மண்ணும் மீன் செதிலும் அடைத்துக்கொண்டால் உள்ளே தேங்கிய உப்புநீர் வெளியேற வழி இராது. ஒரு துண்டுக் கம்பியால் குத்தி விட்டால் போதும். பின்பாடியில் ரப்பர் விரிப்பு போட்டிருந்தால், வாரம் ஒருமுறை தூக்கிக் காய வையுங்கள்.

● இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு பல மடங்கு பெருகும். துரு மேல் பட்டி தடவிப் பெயின்ட் அடித்த இடம் சில மாதத்தில் உப்பி உடைவது அதனால்தான். இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே பிரைமர் அடிக்க வேண்டும்.

● ஸ்க்ரூடிரைவர் ஒன்றே போதும், சேஸிஸின் உடல்நிலை தெரிந்துவிடும். கைப்பிடியால் தட்டினால் நல்ல இரும்பு 'டங்'கென்று கேட்கும். அரித்த இரும்பு மந்தமாகக் கேட்கும். முனையால் அழுத்தும்போது அடுக்கடுக்காக உரிந்தாலோ உள்ளே இறங்கினாலோ, பெயின்ட் வேலையோடு முடியாது. வெல்டிங் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்ற மறக்காதீர்கள்.

● துருத் தொல்லை நம் கரைக்கு மட்டும் உரியதல்ல. பனி உருக சாலையில் உப்புத் தூவும் அமெரிக்காவில், பிக்கப் வண்டிகளின் சேஸிஸ் அரிப்பு வழக்கில் டொயோட்டா 2016-ல் சுமார் 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது.

● கடைகளில் விற்கும் 'ரஸ்ட் கன்வர்ட்டர்' பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். அது துருவோடு சேர்ந்து கறுப்பான, உறுதியான படலமாக மாறும். நம் வீடுகளில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். ஆனால் அந்தப் படலம் மட்டும் போதாது. மேலே பிரைமரும் பெயின்டும் அவசியம்.

● படகின் அடியில் துத்தநாகக் கட்டியைப் பொருத்துவார்கள். அது தான் கரைந்து இரும்பைக் காக்கும். அதே கட்டியை வண்டியில் பொருத்தினால் வேலை செய்யாது. அது நீரில் மூழ்கியிருக்க வேண்டும். வண்டிக்கு ஏற்றது துத்தநாகம் மிகுந்த பிரைமர்.

● பழைய என்ஜின் ஆயிலை அடிப்பாகம் முழுக்கத் தடவுவது பலரின் வழக்கம். அது ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும். பிரேக் பக்கம் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கென்றே விற்கும் மெழுகு வகைப் பூச்சு பாதுகாப்பானது.

● கிரீஸ் அடிக்கும்போது பழைய கிரீஸ் பிதுங்கி, புதியது தலைகாட்டும்வரை அடிக்க வேண்டும். உள்ளே புகுந்த உப்புநீரும் மணலும் அதோடுதான் வெளியேறும்.

● மணல் தரையில் ஜாக்கி சாயும். கீழே அகலமான பலகை போட்டு, ஸ்டாண்டும் வைத்த பிறகே வண்டிக்கு அடியில் போங்கள். வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்கவே கூடாது.

● பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியதற்கான குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். கொதித்தால் பெடல் தரை வரை போகும். பார்க்க நன்றாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

● பழைய வண்டியில் ஹெட்லைட் மங்கலா? பல்புக்கு வரும் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜன் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். எல்.இ.டி. பல்பைத் திணித்து எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்வதைவிட, ரிலே வைத்துத் தனி வயர் இழுத்து, எர்த் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது நல்ல மேம்பாடு.

● முழு சார்ஜ் ஏறிய பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். டெர்மினலில் பூத்த வெள்ளையை ஆப்பசோடா நீர் ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில்.

● ரேடியேட்டரில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே படிவும் அரிப்பும் வரும். கூலண்டோடு டிஸ்டில்டு வாட்டர்தான் சேர்க்க வேண்டும்.

● 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அப்படியொரு புயலில் வெள்ளத்தில் மூழ்கிய டீசல் வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. சிலிண்டரில் நீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயில் அளவுக்கம்பியில் பால் கலந்த நிறம் தெரிந்தால், ஆயிலை மாற்றாமல் சாவியைத் தொடாதீர்கள்.

● அருவாள் அடிக்க லாரியின் ஸ்பிரிங் பட்டையைத் தேடுவார்கள். அவ்வளவு நல்ல எஃகு அது. ஆனால் வண்டிக்குக் கூடுதல் பட்டை போட்டாலும் அனுமதித்த சுமை அதிகமாகிவிடாது. ஆக்சிலும் பிரேக்கும் பழையபடியேதான் இருக்கும். அதிக சுமைக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

● ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதைச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

● சரக்கு வண்டிக்கு முதல் 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். ஒளிரும் பட்டை முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். டயர் வரி ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

● கோடியக்கரை சரணாலயம் 1967-ல் அறிவிக்கப்பட்டது. 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பூநாரை இறங்குகிற இந்தச் சதுப்பில் கழிவு ஆயிலை ஊற்றுவது பாவம். 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளும் அதைக் கட்டுப்படுத்துகின்றன. கேனில் பிடித்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் கடையில் கொடுங்கள்.

இத்தனையும் ஒரே நாளில் முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, துளைகளைக் குத்தி விட்டு, பிரேக் குழாய்களை மட்டும் பாருங்கள். குழாயில் துரு ஏறியிருந்தால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டி மாற்றுங்கள்; பிரேக்கில் மட்டும் தள்ளிப்போடுதல் வேண்டாம்.