பொழுதும் ஆங்கில முகமனும்

பொழுதைக் கூறுபடுத்தும் முறை மொழிதோறும் வேறுபடும். இதனை உணராது, தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலச் சொல்லை நேர்வைத்துப் பேசுவதனால் நம் மாணவர் பலர் இடர்ப்படுகின்றனர். அவ்விடர்களுட் சிலவற்றை ஈண்டு எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

பஞ்சாங்க வழக்கில் நாள் ஞாயிற்றின் உதயத்தில் தொடங்கி, அறுபது நாழிகை கொண்டு முடியும். ஆங்கில நாளோ நள்ளிரவிலே தொடங்குகின்றது. ஆதலின் நாம் 'இரவு இரண்டு மணி' என்பதனை ஆங்கிலேயர் 'டூ இன் த மோர்னிங்' என்பர். 1924ஆம் ஆண்டு புகையிரதம் பதுளையை அடைந்த பின்னர், ஊவாத் தோட்டத்தாரின் நெடும் பயணங்களும் இக்கணக்கிற்கு உட்பட்டன. செவ்வாய்க்கிழமை 12.30 'ஏ.எம்.' எனக் குறித்த வண்டி, திங்களிரவு உறங்கும் வேளையிலேயே வருவது. செவ்வாயிரவு பெட்டியுடன் செல்பவர் ஒருநாள் பிந்தியவராவர். பகற் பன்னிரண்டை 'நூன்' என்றும், இரவுப் பன்னிரண்டை 'மிட்நைட்' என்றும் எழுதின் ஐயம் அகலும்.

இனி, 'இன்று காலை' என்பது 'டுடே மோர்னிங்' அன்று. 'திஸ் மோர்னிங்' என்க. 'நேற்றிரவு' என்பதற்கு 'லாஸ்ட் நைட்' என்பதே மரபு. ஆயினும், 'நேற்றுக் காலை' என்பதற்கு 'யெஸ்டர்டே மோர்னிங்' எனல் பிழையன்று. 'இன்றிரவு' என்பது 'டுநைட்' என ஒரே சொல்லாய் அமையும்.

முகமனுக்கு வருவோம். நம் 'வணக்கம்' எப்பொழுதிற்கும் உரியது. தோட்டப் பிரட்டுக்களத்தில் வழங்கிய 'சலாம்' என்பதும் அவ்வாறே. ஆங்கில முகமன் அத்தகையதன்று. நண்பகல் வரை 'குட் மோர்னிங்'. அதன்பின் ஏறத்தாழ ஐந்து மணி வரை 'குட் ஆப்டர்னூன்'. அப்பால் 'குட் ஈவினிங்'. நமுனுகுல மலைமீது முகில் கவிந்து மூன்று மணிக்கே இருண்டாலும் 'குட் ஆப்டர்னூன்' என்பதே பொருந்தும். 'குட் நைட்' என்பதோ பிரியும்போது மட்டும் கூறப்படுவது. இரவு எட்டு மணிக்குப் பசறையிலிருந்து வந்த விருந்தினரை வாயிலில் நின்று 'குட் நைட்' என வரவேற்பின், வந்தவரை வந்தவழியே அனுப்பியதாகும்!

இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆயின், லயத்து விளக்கொளியிற் கற்றுக் கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞனிடமிருந்து முதலில் வெளிப்படுவது முகமனே. அறிவிற் குறைவில்லாத அவன் ஒரு சொல்லாற் குறைவாக மதிக்கப்படுதல் தகாது. மரபு இதுவென முன்னரே எடுத்துரைப்பார் இருப்பின், ஒரு மாலைப்பொழுதிற் பயின்றுகொள்வான். அவ்வுதவியைத் தத்தம் ஊரில் உள்ள இளையோர்க்குச் செய்தல் பழைய மாணவராகிய நம் அனைவர்க்கும் கடனாம்.