அசீம் இல்லாத 'இந்தியன் ஓஷன்'

புதுதில்லி: ஒரு குரலால் அறியப்பட்ட இசைக்குழு, அக்குரல் அடங்கிய பின்னும் அதே பெயரில் தொடரலாமா? 2009 டிசம்பர் 25-இல் அசீம் சக்ரவர்த்தி மறைந்தபோது, தில்லியின் 'இந்தியன் ஓஷன்' ராக் இசைக்குழு இக்கேள்வியை எதிர்கொண்டது.

1990-இல் சுஷ்மித் சென்னும் அசீமும் தொடங்கிய குழு இது. நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் பங்கேற்ற ராகுல் ராம் பின்னர் இணைந்தார். தபலா வாசித்தபடியே பாடியவர் அசீம். அவரது இடத்துக்கு இருவர் தேவைப்பட்டனர். ஹிமான்ஷு ஜோஷி பாடினார். துஹீன் சக்ரவர்த்தி தபலா வாசித்தார்.

அசீமின் குரல் பதிவான இறுதிப் பாடல்கள் 2010-இல் இணையத்தில் இலவசமாக வெளியாயின. 2013-இல் சுஷ்மித் சென்னும் விலகினார். ஆயினும் 2014-இல் 'தந்தானு', 2023-இல் 'தூ ஹை' ஆகிய இசைத்தொகுப்புகள் வந்தன.

பழைய ரசிகர்களுக்கு அந்தக் குரல் இல்லாத குறை தீராது. ஆனால் குழு கலைந்திருந்தால், அசீமின் பாடல்கள் ஒலிநாடாவோடு நின்றிருக்கும், மேடை ஏறியிருக்கா.